கோழியே சாப்பிடாத வீட்டுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது?

திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 68 வயது, சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் எடுத்ததில் (சிறுநீரில் உள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' (இந்த மருந்துக்குக் கிருமி அடங்காது) என்று போட்டு, கீழே 'இஎஸ்பிஎல்' என்று குறித்திருக்கிறார்கள். "கோழிக்குக் கண்டபடி மருந்து கொடுப்பதால்தான் இப்படி ஆகிறது என்கிறார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. எங்களுக்கு எப்படி வந்தது? பக்கத்து வீட்டில் வாங்கும் பாலையும் நிறுத்திவிடலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

நான் மாட்டு டாக்டர். தஞ்சை, திருவாரூர் மாவட்டக் கால்நடை மருந்தகங்களில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அம்மாவுக்கு என்ன மருந்து என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிருமி எந்த வழியாக வந்திருக்கும் என்பது எனக்குப் பழக்கமான பாதை. அந்தப் பாதையில் சில இடங்களில் என் கால் தடமும் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் சிக்கல். நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம், கிருமியின் எதிர்ப்புத் திறன் என்கிறோம். இரண்டும் 'எதிர்ப்பு' ஆகிவிட்டதால், 'அம்மா உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு' என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழகிப்போனது கிருமிக்கு. வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட விழுங்காதவருக்கும் இப்படிப்பட்ட கிருமி வரலாம். அதனால் நான் 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்றே எழுதுகிறேன்.

வயலை வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரே களைக்கொல்லியை வருஷா வருஷம் அடித்தால் மற்ற களையெல்லாம் கருகிவிடும், அதற்குச் சாகாத நாலு செடி மட்டும் நின்று விதை விடும். சில வருஷத்தில் வயல் முழுக்க அதுதான். மருந்து அந்தச் செடியை உண்டாக்கவில்லை, போட்டிக்கு இருந்ததையெல்லாம் அழித்து அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. பாக்டீரியாவிலும் இதே கதை. ஆனால் களை ஒரு தலைமுறை விதை விட ஒரு போகம் ஆகும். சூடும் தீனியும் தோதாக இருந்தால் ஈ.கோலைக்கு இருபது நிமிஷம் போதும்.

இன்னொரு வித்தியாசம்தான் பெரிய வம்பு. கோரை தன் வித்தையைப் பக்கத்தில் நிற்கும் அருகம்புல்லுக்குச் சொல்லிக்கொடுக்காது. ஈ.கோலை சொல்லிக்கொடுக்கும். பிளாஸ்மிட் என்று சின்ன டிஎன்ஏ வளையம் ஒன்று உண்டு. ஒரு பாக்டீரியா அதில் ஒரு நகல் எடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஈ.கோலையிடமிருந்து சால்மொனெல்லாவுக்குப் போகும், கிளெப்சியெல்லாவுக்குப் போகும். ஜப்பானில் 1950-களில் வயிற்றுக்கடுப்புக் கிருமி ஒரே நேரத்தில் நாலு மருந்துக்கு அடங்காமல் போனதைத் துருவிப் பார்த்தபோதுதான் இந்தக் கைமாற்று வெளிப்பட்டது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான பதிலும் சேர்ந்தே இருக்கும் என்பதால் ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே மற்ற மருந்துகளுக்கான பதிலும் கிருமியிடம் இலவசமாகக் காப்பாற்றப்படும். அம்மாவின் அறிக்கையில் 'ஆர்' வரிசையாக நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இஎஸ்பிஎல் என்பது செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகளை வெட்டிப்போடும் ஒரு நொதி. அதைச் செய்யும் மரபணு பெரும்பாலும் இப்படிப்பட்ட வளையத்தில்தான் பயணம் போகிறது.

சரி, கோழிக்கு வருவோம். கோழி மேல் சொல்லப்படும் குற்றம் பொய்யில்லை. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்பவர் ஒரு பண்ணையில் கோழித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1976-ல் வெளியான ஆய்வு. ஒரு வாரத்தில் கோழிகளின் குடல் கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. ஐந்தாறு மாதத்தில் அந்தப் பண்ணை வீட்டு ஆட்களின் குடலிலும் அப்படிப்பட்டவை ஏறிவிட்டன. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கொலிஸ்டின் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. வேறு எதுவும் கேட்காதபோது மனிதர்களுக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. அதையே கோழி, பன்றித் தீவனத்தில் எடை கூடுவதற்காகக் கலந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கிருமியை அடங்காமல் செய்யும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து தகவல் வந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று இந்தியா 2019 ஜூலையில் தடை போட்டது.

ஆனால் கோழியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் எழுந்து போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாட்டுக் கொட்டகையில் நடந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளில் வலங்கைமான் பக்கம் ஒரு மருந்தகத்தில் இருந்தேன். ஒரு காலையில் வயதான அம்மா ஒருவர் மூடி போட்ட பித்தளைச் சொம்போடு வந்து நின்றார். "தம்பி, நீங்க ஊசி போட்ட மாட்டுப் பால்தான் எங்க வீட்டுக்கு வருது. மூணு நாளா உறை ஊத்துறேன், தோயவே மாட்டேங்குது. மாட்டுக்கு என்ன பண்ணீங்க?" மூடியைத் திறந்தேன். ராத்திரி உறை ஊற்றிய பால், விடிந்தும் பாலாகவே இருந்தது. ஆடை ஒதுங்கி, கீழே தண்ணியாக, லேசான கெட்ட வாடையோடு. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நாலு நாளுக்கு முன்னால் அந்த மாட்டுக்கு மடிநோய். மடி கல்லாட்டம் இறுகியிருந்தது. ஊசியும் போட்டு, காம்பு வழியாக மடிக்குள் ட்யூப் மருந்தும் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். அந்த மருந்து பாலில் இறங்கி, உறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. தயிராக்க ஆள் இல்லை. இத்தனை நாள் பாலை ஊற்றாதே என்று மாட்டுக்காரரிடம் நான் சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

இங்கே இரண்டு சங்கதியைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், பத்திரிகைகளே இதைக் குழப்புகின்றன. பாலில் இறங்கிய மருந்து ஒன்று, மருந்துக்கு அடங்காத கிருமி இன்னொன்று. கிருமி எவ்வளவு முரடாக இருந்தாலும் காய்ச்சினால் செத்துவிடும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதது கொதிக்கும் பாலுக்கு அடங்கிவிடும். மருந்தின் மிச்சம் அப்படியில்லை, பல மருந்துகள் காய்ச்சினாலும் பாலில் தங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தி 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் மிச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. சதவீதத்தில் சின்னதுதான். வீட்டில் பாலைக் காய்ச்சிக் குடிக்கிறீர்கள் என்றால், அம்மாவின் கிருமி பால் வழியாக வந்திருக்கும் வாய்ப்பு குறைவு.

கிருமி வெளியேறுவது சாணி வழியாக. ஊசி போட்ட மாட்டின் குடலில் நான் மேலே சொன்ன களைக்கொல்லிக் கதை நடக்கும். சாகாதவை பெருகிச் சாணியில் இறங்கும், சாணி குப்பைக்குழிக்குப் போகும், ஒரு மழையில் குழி வழிந்து வாய்க்காலில் கலக்கும். நாமும் சும்மா இல்லை. தொண்டை கரகரத்தால் மருந்துக் கடையில் நின்று 'அஞ்சு மாத்திரை குடுங்க' என்று வாங்கி, இரண்டைப் போட்டுவிட்டு மூன்றைப் பீரோவில் வைக்கிற ஊர் இது. மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று ஹெச்1 அட்டவணை 2014 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதையாவது அடுத்த முறை பாருங்கள். அந்த மாத்திரையும் மாட்டுக்குச் செய்ததையே நம் குடலில் செய்கிறது, அதுவும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

டெல்டாவின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். கல்லணையில் பிரிந்து, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு என்று விரிந்து, அப்புறம் கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று வயல் வரை போகிறது. மேட்டு ஊரின் வயலில் நின்று வடிந்த தண்ணீர் வடிகாலில் விழுந்து, கீழே இன்னொரு ஊருக்குப் பாசன வாய்க்காலாகப் போய்ச் சேர்கிறது. ஒருவனுடைய வடிகால்தான் அடுத்தவனுக்கு வாய்க்கால். பாசனத்துக்கு இது அற்புதமான ஏற்பாடு, ஒரு சொட்டு வீணாகாது. கிருமிக்கும் அதே அற்புதம். மேலே ஈரோடு, திருச்சி தொடங்கி எத்தனை நகரங்களின் கழிவு சேர்கிறது! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் என்று நாடு முழுக்க 351 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் காவிரி இருக்கிறது.

அதோடு நம் ஊரின் சொந்தப் பங்கு. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது நல்ல காரியம். தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்த லாரி ராத்திரி பதினொரு மணிக்கு எந்த மதகோரம் நிற்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுகிறார்கள், வாத்து மேய்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வாத்தை வயலில் இறக்குகிறார்கள். எருவுக்கு நல்லதுதான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வாத்து நோய் எதுவும் காட்டாமலே சால்மொனெல்லாவைச் சுமக்கும். கோழிப்பண்ணை எருவை லாரியில் வாங்கி மக்க வைக்காமல் அப்படியே வயலில் கொட்டுவதும் கூடிக்கொண்டு வருகிறது. குவித்து, ஈரம் காட்டி, கிளறிவிட்டு மக்க வைத்தால் உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிப் பெரும்பாலான கிருமி செத்துவிடும். அதற்குச் சில வாரம் பொறுக்க வேண்டும், அந்தப் பொறுமைதான் இல்லை.

இதெல்லாம் கோடையில் காய்ந்த வாய்க்காலில் படிந்து கிடக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணை தாண்டிப் புதுத்தண்ணீர் வரும்போது கரையில் நின்று பார்த்தால் தெரியும். முன்னால் ஒரு நுரை வரும், பழுப்பாக. அதோடு பாலித்தீன், தேங்காய்மட்டை, செத்த எலி. அதற்குப் பின்னால்தான் தண்ணீர். 'புதுத்தண்ணி ஆகாது, வயித்தால போகும்' என்று என் பாட்டி சொல்வதைப் பழங்காலத்துப் பயம் என்று நினைத்திருக்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மருந்துத் தொழிற்சாலைக் கழிவு விழும் இடங்களில் அது பெரிய பிரச்சினைதான். மற்ற பெரும்பாலான ஆறுகளில் மருந்துக்கு அடங்காத மரபணு எங்கே கூடுதலோ அங்கே மலக்கலப்பும் கூடுதல் என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, கிருமி அங்கே புதிதாகப் பிறப்பதைவிட, நேராகக் கொட்டப்படுவதே அதிகம். தில்லியில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில் தெருவில் தேங்கிய தண்ணீர் மாதிரி 171-ல் 51-லும், குழாய்த் தண்ணீர் மாதிரி 50-ல் 2-லும் என்டிஎம்-1 என்ற மரபணு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஐசியூக்களையே ஆட்டிவைக்கும் மரபணு அது, தெருத் தண்ணீரில் கிடந்தது.

அங்கிருந்து உங்கள் சமையலறைக்கு எப்படி வருகிறது? கீரைக்கட்டைப் பாருங்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பறித்து, கட்டி, மண் போக வாய்க்கால் படித்துறையில் முக்கி எடுப்பார்கள். அதே துறைக்குப் பத்தடி மேலே ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். வண்டியில் ஏற்றி, வாடாமல் இருக்க வழியெல்லாம் அதே தண்ணீரைத் தெளிப்பார்கள். முளைக்கீரையை வேக வைத்துவிடுகிறீர்கள், பிரச்சினை இல்லை. கொத்தமல்லியை? ரசத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே கிள்ளிப் போடுகிறோம். புதினாத் துவையலைப் பச்சையாக அரைக்கிறோம். காய்ச்சிய பாலில் தோய்ந்த அருமையான தயிரைக் கடைந்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, கறிவேப்பிலை, கொத்தமல்லி போட்டு நீர்மோர் ஆக்குகிறோம். கோழி சாப்பிடாத வீட்டுக்கு இத்தனை வாசல் இருக்கிறது.

அதைவிடப் பெரிய வாசல் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஊரில் நடமாடும் சாதாரண ஆட்களின் குடலில் இருக்கும் இஎஸ்பிஎல் கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று. ஐந்தில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உணவு வழியாக, மிச்சம்தான் விலங்கு, தண்ணீர் எல்லாம். சாக்கடையைச் சுத்திகரிக்கும் நாட்டின் கணக்கு அது, அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் கை, கழிப்பறை, சமையல் என்ற வட்டம் எங்கும் ஒன்றுதான். அதே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புறப்படும்போது இந்தக் கிருமி இல்லாமல் தெற்காசியாவுக்கு வந்து போன 181 பயணிகளில் 136 பேர் திரும்பும்போது குடலில் இதோடு போயிருக்கிறார்கள். சில வாரப் பயணத்துக்கே இப்படி. இங்கேயே 68 வருஷம் வாழ்ந்தவர் குடலில் இது இருப்பதில் என்ன ஆச்சரியம்?

குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. பெண்களுக்குச் சிறுநீர்த் துவாரம் மலத்துவாரத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் குடலில் இருப்பது சிறுநீர்ப்பைக்கு ஏறுவது எளிது, மாதவிடாய் நின்றபின் இன்னும் எளிது. அம்மாவின் தொற்று கடைசியில் அவர் குடலிலிருந்தே வந்திருக்கும். அந்தக் குடலுக்கு எப்போது வந்தது, போன மாதமா பத்து வருஷத்துக்கு முன்பா என்று எந்த லேப்பும் சொல்ல முடியாது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற பெயர்களுக்கு எதிரே 'எஸ்' (இந்த மருந்துக்குக் கிருமி அடங்கும்) இருக்கிறதா? பைக்குள் மட்டும் நிற்கும் தொற்றுக்கு இந்த இரண்டு பழைய மருந்துகள் நம் நாட்டில் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். இன்னொன்று, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது சும்மா கல்ச்சர் எடுத்து, கிருமி இருக்கிறது என்பதற்காகவே மருந்து கேட்காதீர்கள். வயதான பெண்கள் பலருக்குத் தொல்லை இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும், அதைத் துரத்தினால் இன்னும் முரடானதுதான் வந்து உட்காரும்.

வீட்டில் செய்ய வேண்டியது அலுப்பூட்டும் காரியங்கள்தான். மோருக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர். கொத்தமல்லியைக் கொதிக்கும் ரசத்திலேயே போட்டு ஒரு கொதி விடுங்கள், வாசனை கொஞ்சம் போகும், பரவாயில்லை. வாசலில் சாணி தெளித்த கையோடு வந்து மாவைப் பிசையாதீர்கள், சோப்புப் போடுங்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் தினமும் போடுகிறார்களா என்று பாருங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஊராட்சியில் சோதனைப் பெட்டி இருக்கும், சொட்டு விட்டால் மஞ்சளாகும், ஒரு நிமிஷ வேலை.

இனி பால். நிறுத்த வேண்டாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். மாட்டு மருந்து அட்டையில் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்க வேண்டும் என்று 2012-லிருந்து விதி இருக்கிறது. போடவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாடு, லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் ஏழு நாளுக்கு 1,960 ரூபாய். மருந்துச் செலவு தனி. இரண்டு மாடு வைத்திருப்பவர் இதைக் கீழே கொட்டுவாரா? மனசாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். என் சர்வீஸ் முழுக்க நான் போடவில்லை.

மடிநோய்க்கு ஊசி இல்லாமலே பார்க்க ஒரு வழி நம் தஞ்சாவூரிலேயே இருந்தது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு மடி முழுக்கப் பூசுவது. ஒரு நாளைக்குப் பல தடவை. ஆரம்பத்தில் இதை நான் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கினேன். பிறகு மடி லேசாகச் சூடு காட்டும்போதே பூச ஆரம்பித்த வீடுகளில் எனக்கு ஊசி வேலை குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல் படுத்துவிட்ட மாட்டுக்கு இது போதாது, அப்போது ஊசிதான்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. பால் ஊற்றுகிறவரிடம் என் மனைவி சொல்லி வைத்திருக்கிறார்: "மாட்டுக்கு ஊசி போட்டா சொல்லிடுங்க. அந்த ஏழு நாள் பால் வேணாம், ஆனா காசு உண்டு." அவருக்கு நாலு வீடு வாடிக்கை. இரண்டு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள், ஒரு வீட்டில் சிரித்தார்கள். போன மாசியில் ஒரு நாள் அவர் வெறுங்கையோடு வந்து, "சார், நேத்து சாயங்காலம் ஊசி" என்றார். அந்த வாரம் கடைப்பால்தான். எட்டாம் நாள் வந்த பாலை அன்று ராத்திரி உறை ஊற்றி வைத்தோம். காலையில் நன்றாகத் தோய்ந்திருந்தது.